கொட்டகை வரைக்கும் வைஃபை

ஊரில் எல்லோரும் அவரை டிரைவர் என்றுதான் கூப்பிட்டார்கள். பேருந்தை விட்டு இறங்கிப் பல வருடமாகியும் அந்தப் பெயர் போகவில்லை. நினைவு தப்ப ஆரம்பித்த பிறகு, மத்தியானம் சாப்பிட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு, "டூட்டிக்கு நேரமாச்சும்மா" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு, தோட்டத்தின் கடைசியிலிருந்த பழைய மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார். அங்கே கட்டிலில் உட்கார்ந்துவிட்டால் மனுஷன் அமைதியாகிவிடுவார். கதவைப் பூட்டினால்தான் ரகளை.

மருமகளுக்கு வீட்டோரமாக ஒரு சின்னக் கோழிப்பண்ணை. தீவனம் போடவும் கழுவவும் முட்டை பொறுக்கவுமே பகல் சரியாகப் போய்விடும். கணவனுக்கு வெளியூரில் ஒரு குடோனில் வேலை. வாரக் கடைசியில் வருவான்.

"கொட்டகையில கேமரா வச்சிடலாம். மத்தியானம் நான் அங்கேருந்தே பாத்துக்கறேன். நீ உன் வேலையப் பாரு" என்றான்.

ஆனால் கூடத்து வைஃபை கிணற்றடியைத் தாண்டவில்லை. கேமராக்காரர் வந்தார். வைஃபையைக் கடத்த வீட்டு மாடியில் ஒரு வெள்ளைத் தட்டு, கொட்டகைக் கூரைமேல் இன்னொன்று என்று மாட்டினார்.

"ரெண்டும் ஒன்ன ஒன்னு பாத்துக்கிட்டே இருக்கணும்க்கா. குறுக்க எதுவும் வரக்கூடாது."

அவள் நடுவிலிருந்த தேக்கு வரிசையைக் காட்டினாள்.

"அதுலதான் இலையே இல்லையே. சிக்னல் பூந்து போயிடும்."

கோடையில் அவை குச்சியாகத்தான் நின்றன. படம் பளிச்சென்று வந்தது. கேமரா ஸ்பீக்கரில் "அப்பா" என்று கூப்பிட்டால் டிரைவர் எழுந்து நின்று, "வண்டிய எடுக்கலாமா சார்?" என்கிறாராம். கணவன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. வெகு நாளைக்குப் பிறகு கொஞ்சம் மூச்சு விட்டாள்.

மழை பிடித்ததும் தேக்கு தழைத்தது. முறம் முறமாக இலை. படம் நின்று நின்று வந்தது. கேமராக்காரரிடம் சொன்னாள். உயரமாகக் கம்பம் நட்டுத் தருகிறேன் என்றவர் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார்.

அன்று மத்தியானம் பண்ணைத் தகரத்தில் சடசடவென்று மழை இறங்கியது. அவள் கணவனுக்குப் போன் செய்தாள்.

"மாமா எங்க இருக்காரு?"

"கட்டில்லதான். பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

"சாரல் உள்ள அடிக்குதா? நனையறாரா?"

"மழையா? கொட்டகை வாசல்ல வெயில் அடிக்குதே."

அவள் போனை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தது மழைக்கு முன்பே நின்றுபோன படம். கட்டில் காலி. பின்வேலிப் படல் திறந்து கிடந்தது. அதற்கப்பால் வாய்க்கால், முழங்காலளவு தண்ணீர்தான். டிரைவர் அதில் குப்புறக் கிடந்தார். கரைக்கு இழுத்துப் புரட்டிப்போட்டு நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது.

சாவு வீட்டில் மூத்த நாத்தனார் எல்லோர் முன்னாலும் கேட்டாள். "வீட்டுல குத்துக்கல்லாட்டம் ஒருத்தி இருந்தும் எங்கப்பாவ வாய்க்காலுக்கு விட்டுட்டியே. கோழிதான் பெருசா போச்சா?"

அவள் கணவனைப் பார்த்தாள். அந்த மத்தியானம் பார்த்துக்கொண்டிருந்தது யார் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் அழவில்லை. அதையும் ஒரு குறையாகப் பேசினார்கள்.

எல்லோரும் கிளம்பிப் போன பிறகு கேட்டாள். "ஏங்க வாயத் தொறக்கல?"

"தொறந்தா, அப்பாவ நான்தான் கொன்னேன்னு ஆயிடும்."

"நான்னு ஆனா பரவாயில்லையா?"

அவன் பாயை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனான். மறுநாள் வேலைக்குக் கிளம்பிவிட்டான். அதற்குப் பிறகு வாரக் கடைசிகள் மாதக் கடைசிகளாயின. வந்தாலும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. நல்லது கெட்டதுக்குச் சொந்தக்காரர்கள் அவளைக் கூப்பிடுவதை விட்டார்கள். அவளும் போகவில்லை.

அடுத்த கோடையில் ஒருநாள் நாத்தனார் போன் செய்தாள்.

"அன்னிக்கு தம்பிதான் பாத்துக்கிட்டிருந்தானாமே. நேத்து இங்க வந்து சொல்லி அழுதான்."

"ஆமாண்ணி."

"நீ ஏன் சொல்லல?"

"அவர் வாயால வரட்டும்னு இருந்தேன்."

 பிறகு நாத்தனார், "சாப்பிட்டியா?" என்றாள்.

"இனிமேதான் அண்ணி."

மன்னிப்பு என்ற பேச்சை இருவரும் எடுக்கவில்லை. கணவன் அந்த மாதமும் வரவில்லை.