இரவல் மேசை

என் மகள் யாரோடு இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பதற்கு முன் நீதிபதிக்கு ஓர் அறிக்கை தேவைப்பட்டது. அதை எழுத வேண்டியவர் பதுளை நீதிமன்றத்தில் இருந்த குடும்ப ஆலோசகர். என்னைவிட வயதில் சின்னப் பெண். என்னையும் மகளையும் அவ்வப்போது தன் அறைக்கு அழைத்துப் பேசுவார். "எப்பிடி இருக்கீங்க?" என்று கேட்டால், "நல்லா இருக்கோம் மிஸ்" என்பேன். தூக்கம் வருகிறதா என்றால் அதற்கும் "நல்லா வருது மிஸ்" என்பேன். ஏதாவது உளறினால் பிள்ளை கையை விட்டுப் போய்விடும் என்ற பயம்தான்.

மனுப் போட்டவர் என் கணவர். பிரிந்துபோய் பண்டாரவளையில் மரக்கறிக் கடை வைத்து, அங்கேயே வீடும் எடுத்துவிட்டார். தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் பிள்ளைக்குப் படிக்க ஒரு மேசைகூட இல்லை, விடிந்ததும் நான் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய்விட்டால் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று மனுவில் இருந்தது. மேசை இல்லாதது உண்மை. அதனாலேயே அந்த வரி சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷம் அதே காம்பராவில் சப்பணம் போட்டுச் சாப்பிட்ட மனுஷருக்கு மேசை ஞாபகம் வந்த நேரத்தைப் பாருங்கள்!

ஆலோசகர் வீடு பார்க்க வருகிறார் என்றதும் லயமே கிளம்பிவிட்டது. எங்கள் பக்கம் பெண் பார்க்க வரும்போது ஒரு வழக்கம் உண்டு. கதிரை ஒரு வீட்டிலிருந்து வரும், கோப்பைகள் இன்னொரு வீட்டிலிருந்து வரும். வந்தவர்கள் படி இறங்கியதும் எல்லாம் அவரவர் வீட்டுக்குப் போய்விடும். அதையேதான் எனக்கும் செய்தார்கள். மலையில் கொழுந்து பறிக்கும் வேலையை விட்டு நின்றுவிட்ட பக்கத்துக் காம்பரா அக்கா, தன் மகன் படித்த மேசையைத் தூக்கி வந்து என் ஜன்னலோரம் போட்டார். "எதுக்குக்கா இதெல்லாம்?" என்று கேட்டேனே தவிர, மேசை வந்து நின்றதும் எனக்கு ஒரு தெம்பு வந்தது. எட்டு வயது மகளுக்குப் பூவும் பொட்டும் வைத்து, கல்யாணப் பெண் மாதிரி வாசல் இஸ்தோப்பில் நிறுத்தினார்கள்.

அன்று காலையிலிருந்தே மூட்டம். சப்பாத்தெல்லாம் சேறாக ஆலோசகர் ஏறி வந்தார். தேத்தண்ணி குடித்துவிட்டு மகளிடம் கேட்டார்.

"நீங்க எங்க இருந்து படிப்பீங்க?"

"அந்தா, அடுப்புக்கிட்ட. அங்கதான் குளிராது."

"அப்ப இந்த மேசை?"

"அது பெரியம்மா வீட்டுது மிஸ். நீங்க போனதும் குடுத்துரணும். கதிரையும்தான்."

வாசலில் நின்ற பெண்கள் எதுவும் காதில் விழாதவர்கள் மாதிரி மலையைப் பார்த்தார்கள். இனி என் பிள்ளை எனக்கில்லை என்றே நினைத்துவிட்டேன்.

ஆலோசகர் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. "பெரியம்மா யாரு?" என்றார். அக்கா முன்னே வந்தார். "பிள்ளையப் பத்தி உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டதுதான் தாமதம், அக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"தெரியுமாவா? அவ அம்மா பெரட்டுக்குப் போனா எங்கிட்டதானுங்க ரொட்டி திங்கிது. தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்புறது நான். இடி இடிச்சா என் முந்தானையைப் புடிச்சுக்கிட்டு விடவே விடாது!"

ஆலோசகர் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் போனதும் சாமான்களும் போயின. மேசை நின்ற இடத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாரும் அவங்கவங்க சாமான வாங்கிட்டுப் போயிட்டாங்க. அப்பா வந்து கேட்டா என்னையும் குடுத்துருவியாம்மா?"

மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. தீர்ப்பு என் கையிலா இருக்கிறது? அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அது பதிலில்லை என்று அவளுக்கும் தெரிந்திருக்கும்.

அடுத்த முறை பதுளைக்குப் போனபோது ஆலோசகர் வழக்கம்போல எப்படி இருக்கீங்க என்று கேட்டார். "நல்லா இல்ல மிஸ்" என்றேன். அதற்குமேல் அடக்க முடியவில்லை. தூங்காததையும், பயத்தையும், மகள் கேட்டதையும் சொல்லி அழுதேன். அவர் அவசரப்படாமல் கேட்டார்.

"தீர்ப்பு தெரியாதுன்னா தெரியாதுன்னே சொல்லுங்க. ஆனா நீங்க அவள ஒருநாளும் வேணாம்னு சொல்ல மாட்டீங்கல்ல? அதை அவகிட்ட வாயால சொல்லியிருக்கீங்களா?"

சொன்னதில்லை. அன்று வெளியே உட்கார்ந்திருந்த மகளை அந்த அறைக்கே கூப்பிட்டுச் சொன்னேன். அதற்குப் பிறகு ஆலோசகர் அவள் அப்பாவையும் வரவழைத்துத் தனியாகப் பேசினார்.

மகள் என்னோடு இருக்கலாம், சனிக்கிழமைகளில் அப்பாவோடு போய்வர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. பயம் மட்டும் போகவில்லை. கூட்டிப் போனவர் திரும்பக் கொண்டுவந்து விடாவிட்டால்?

முதல் சனிக்கிழமை பஸ் தரிப்பிடத்தில் அவர் குடையோடு நின்றார். மகளின் கையை அவர் கையில் கொடுத்தேன். என் விரல்கள் சுலபத்தில் விடவில்லை. அவள் அண்ணாந்து அவரைப் பார்த்தாள்.

"அப்பா, சாயந்தரம் என்னைத் திருப்பிக் குடுத்துரணும்."

அவர் முகம் சுருங்கிப்போனது. பிறகு குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்து, "குடுத்துருவேன்மா" என்றார்.