மருதாணி போட்ட உள்ளங்கால்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஈப்போ அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் இருந்தவர்கள்: சரோ அத்தை, அவரைச் சித்தியவானிலிருந்து காரில் கூட்டி வந்த மாமா, அப்புறம் நான். இல்லாதவர்: அவர்கள் மகன் தினேஷ். சிங்கப்பூரில் வேலை. ஆனால் அவன் அனுப்பிய வாட்ஸ்அப் எச்சரிக்கைகளால் மாமாவின் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

நான் எதற்கு? எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன். டாக்டர் வாயைத் திறந்தால் எல்லாரும் என் வாயைப் பார்ப்பார்கள். நான் படித்ததோ கணக்கியல்...

அத்தையின் இடது உள்ளங்காலில், கட்டைவிரலுக்குக் கீழே ஒரு கறுப்புத் திட்டு. மச்சம் என்று விட்டுவிட்டார். அது பெருத்தது. துளி சதை எடுத்து டெஸ்ட் பண்ணியதில் மெலனோமா என்று வந்தது. தோல் புற்றுநோய். நம் நிறத்துக்கு அதெல்லாம் வராது என்று நினைத்திருந்தேன். வருமாம். உள்ளங்காலில், நகத்தடியில், யாரும் பார்க்காத இடத்தில்.

ஆபரேஷன் உறுதி. ஆனால் எவ்வளவு வெட்டுவது? ஓரம் எதுவரை, ஆழம் எவ்வளவு – படம் எடுத்துப் பார்த்துத்தான் முடிவு. ஆழமாகப் போயிருந்தால் கட்டைவிரலும் போகலாம். அத்தைக்குச் சந்தையில் தோசைக் கடை. விடியலிலிருந்து நின்றுகொண்டே செய்கிற வேலை.

இளம் மலாய்க்கார டாக்டர் காலுறையைக் கழற்றச் சொன்னார். அத்தை கழற்றினார்.

உள்ளங்கால் முழுக்க மருதாணி. செக்கச்செவேலென்று.

"சந்தேக் இனாய், ஆன்ட்டி" என்றார் டாக்டர். மருதாணி அழகாக இருக்கிறதாம். சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"ஏன் அத்தை?" என்றேன்.

"நீதானடா சொன்ன, லென்ஸ வெச்சு ஒட்டிப் பாப்பாங்கன்னு. வெடிப்பு வெடிப்பா இருக்கு லா. இந்தக் கால எப்படி அவ்ளோ பக்கத்துல காட்டுறது?"

"கல்யாணத்துக்குக்கூட இவ இவ்ளோ போடல" என்றார் மாமா.

உள்ளங்கால் தோலில் மேடும் பள்ளமுமாக வரிகள் உண்டு. இந்த நோயின் கறுப்பு மேட்டு வரிகளில் போய் உட்காருமாம். மருதாணியும் அங்கேயே ஏறியிருந்தது. லென்ஸில் பார்த்தால் நோய் எங்கே முடிகிறது, அலங்காரம் எங்கே தொடங்குகிறது – தெரியவில்லை.

சிரிக்காதீர்கள். பல் டாக்டரிடம் போகும் காலையில் மட்டும் நாம் எவ்வளவு நேரம் பல் தேய்க்கிறோம்? உடம்பு சரியில்லை என்று சொல்லப் போகும்போதுதான் நமக்கு இருப்பதிலேயே நல்ல சட்டை வேண்டும்.

சாயம் மேலே உள்ள செத்த தோலோடு நின்றுவிடும் என்றார் டாக்டர். சின்ன பிளேடால் கறுப்பைச் சுற்றியிருந்த காய்ப்பைச் சீவத் தொடங்கினார். இளவயதில் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய அத்தை சும்மா இருப்பாரா? மலாயில் சொன்னார்: "மெதுவா டாக்டர். பட்டைதான் போகணும், மரத்துல படக் கூடாது."

டாக்டர் சிரித்தார். கை மட்டும் ஆடவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக ஓரம் தெரிந்தது. பேனாவால் கோடு போட்டார். பிறகு ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட். திரையில் சாம்பல் நிற அடுக்குகள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமா போனை அணைத்துவிட்டார். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் கடிகாரம் அழுந்தியது. டாக்டர் அளந்தார். மறுபடி அளந்தார்.

"நிப்பிஸ்."

மெல்லிசு. அதற்கு என் மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்படவில்லை.

"அப்ப வெரலு?" என்று கேட்டது மாமா. விரலைத் தொட வேண்டியிருக்காது, ஆனால் வெட்டிய சதையை லேபில் பார்த்த பிறகுதான் முழு உறுதி என்றார் டாக்டர்.

ஆபரேஷன் நடந்தது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். வீட்டுக்குக் கிளம்புகிற அன்று லேப் ரிசல்ட்டும் வந்தது: ஓரம் சுத்தம். ஐந்து விரலும் கட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தன.

மாமா சட்டைக்குள் சில ஆயிரம் வெள்ளிக் கட்டோடு கவுண்டருக்குப் போனார். திரும்பி வந்து பில்லை அத்தை மடியில் வைத்தார்.

"ஒன் காலு இவ்ளோதான் வெல போகும்போல."

"மலிவா இருக்குன்னு இங்கயே விட்டுட்டுப் போயிறாதீங்க."

எட்டிப் பார்த்தேன். தொண்ணூற்று ஆறு வெள்ளி.