பாதி ஊசி

சத்தியமாக நடந்தது. பட்டப்பகலில், இருபத்திரண்டு நர்சுகளும் ஒரு டாக்டரும் கூடியிருந்த இடத்தில் நடந்தது. பேய் என்றால் அமாவாசைக்குத்தான் வரும் என்பவர்கள் அன்புக்கரசியைக் கேட்டுப் பார்க்கலாம். எதையும் சிரித்தபடி சொல்கிறவள், இதைச் சொல்லும்போது மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

அன்புக்கரசி விருத்தாசலம் பக்கத்தில் கிராம நர்ஸ். அந்த வியாழக்கிழமை காலையில் சமீராவைப் பார்க்கப் போயிருந்தாள். எட்டு மாதக் கர்ப்பிணி. புருஷன் சஹீர் துபாயில். கால் ரெண்டும் வீங்கிக் கிடந்தன. பிரஷர் 160க்கு 110.

“தலை வலிக்குது நர்சம்மா. கண்ணு மங்கலா தெரியுது.”

“இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்.”

மாமியார் குறுக்கே வந்தாள். “சஹீரோட அத்தா கடையில இருந்து வரட்டுங்க. சாயந்தரம் போறோம்.”

108-ஐக் கூப்பிடவா என்றதற்கும் மாமியார் மசியவில்லை. அன்புக்கரசி அங்கேயே சட்டமாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் அன்று மதியம் நர்சுகளுக்குப் பயிற்சி; வராதவர்களுக்கு மெமோ உண்டு. பேய்க்குப் பயப்படாதவள், மெமோவுக்குப் பயந்தாள்.

“மூணரைக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன்மா. அதுவரைக்கும் நல்லாத் தூங்கு.”

சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

செராமிக் தொழிற்பேட்டையில், சூளைகளுக்கு நடுவே ஒரு கூடத்தில் பயிற்சி. கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால் என்ன செய்வது என்பதுதான் பாடம். மேஜைமேல் ஒரு ரப்பர் கர்ப்பிணி. டாக்டர் குருமூர்த்தி கையில் ஸ்டாப் வாட்ச்.

2.20. அவள் முறை.

“பாத்து செய்யுங்கம்மா, பொம்மைய நசுக்கிடாதீங்க,” என்றார் டாக்டர்.

“நான் மேல உக்காந்தாதான் சார் நசுங்கும்.”

கூடமே சிரித்தது.

2.22. கணுக்காலை விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. ரப்பர் திரும்ப எழும்பவில்லை.

2.24. மணிக்கட்டு சூடாக இருந்தது. சூளை வெக்கைதான் என்று சொல்லிக்கொண்டாள்.

2.26. மேஜை ஆடியது. டக்... டக்... டக்...

“பக்கத்துல மண்ணரைக்கிற மிஷின்தான் அக்கா,” என்றாள் பின்னால் நின்ற தமிழினி.

கரண்ட் போய் அரை மணி நேரமாகியிருந்தது.

பொம்மையின் வாய் இறுகியது. வாயோரம்... நுரை. மற்றவர்களுக்குத் தெரிந்தது மேஜை ஆட்டம் மட்டும்தான்.

வலிப்பை நிறுத்தும் மருந்தில் பாதியை ஒரு இடுப்பிலும், மீதியை மறு இடுப்பிலும் ஆழமாகப் போட வேண்டும். சிரிஞ்சில் இருந்தது வெறும் தண்ணீர்.

2.29. வலது இடுப்பில் ஊசியை இறக்கினாள். ஆட்டம் குறைந்தது.

பொம்மை... மூச்சு விட்டது.

இடது பக்கத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். அடுத்த சிரிஞ்சை எடுத்தாள்.

“டைம் முடிஞ்சுது.” டாக்டர் கையை மறித்தார்.

“சார், இன்னொரு பக்கம்...”

“பொம்மைக்கு எதுக்கும்மா இன்னொரு பக்கம்? பத்துக்கு ஆறு. அடுத்தவங்க வாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள்.

அவளும் சிரித்தாள்.

டக்... டக்...

நின்றது.

2.31.

3.10க்கு போன். சமீராவின் மாமனார் நூர் முகம்மது.

“நர்சம்மா... புள்ள போயிட்டா. வயித்துல இருந்ததும் போயிடுச்சு.”

பெரியாஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் தரையில் கிடந்தாள். “புள்ள உள்தாழ்ப்பா போட்டுட்டுப் படுத்தாளுங்க. கதவை உடைச்சுதான் தூக்கினோம். நீங்க தூங்கச் சொன்னீங்களேன்னு எழுப்பாம வுட்டுட்டேங்க...”



உடலைப் பார்த்த டாக்டரம்மா அவளைத் தனியே அழைத்தார்.

“வூட்டுலயே ஊசி போட்டது நீங்கதானே?”

“இல்லீங்க மேடம். நான் பயிற்சியில இருந்தேன்.”

டாக்டரம்மா போர்வையை விலக்கினார்.

வலது இடுப்பில் ஊசித் தடம். புதுசு.

இடது இடுப்பில் தடமே இல்லை.

ஸ்பிரிட் வாசனை மட்டும் இருந்தது.