தண்ணீரைக் கழுவுவதா?

சலூன்காரர் சுத்தம் என்றால் உயிரை விடுவார். ஒரு தலையில் போட்ட சீப்பை மருந்துத் தண்ணீரில் முக்காமல் அடுத்த தலையில் வைக்க மாட்டார்.

மனைவிக்கு வறட்டு இருமல் வந்தபோது, அறைக் காற்றை ஈரமாக்கும் மெஷின் ஒன்றை வாங்கிக் கட்டிலின் தலைமாட்டில் வைத்தார். தினமும் அதன் தொட்டியில் பழைய தண்ணீரின் மேலேயே புதுத் தண்ணீரை ஊற்றி நிரப்புவார்.

"தொட்டிக்குள்ள வழவழன்னு இருக்குங்க. ஒரு தடவை கழுவிடுங்களேன்," என்றாள் அவள்.

"நல்லா இருக்கு போ! தண்ணிதான் எல்லாத்தையும் கழுவுது. அதைப் போய் யாராவது கழுவுவாங்களா?" என்று சிரித்தார்.

இருமல் கூடியது. அவர் மெஷினைக் கூட்டி வைத்தார். இருமல் இன்னும் கூடியது. அவரும் இன்னும் கூட்டினார். கடைசியில் அவளுக்கு மூச்சு வாங்க, ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, "வீட்ல ஈரக்காத்து மெஷின் ஏதாவது ஓடுதா?" என்று டாக்டர் கேட்டார்.

"ராத்திரி பகலா ஓடுது சார்," என்றார் பெருமையாக.

தொட்டியில் வளர்ந்த கிருமி காற்றோடு போய் நுரையீரலில் குடியேறியிருந்தது. அவள் வீடு திரும்பவில்லை.

இப்போதெல்லாம் கடை திறக்கப் போகுமுன் தொட்டியைக் கவிழ்த்து, வினிகர் ஊற்றித் தேய்த்து, துணியால் துடைத்துக் காயவைக்கிறார். மெஷினை யாரும் போடுவதில்லை.

"அதைத் தூக்கிப் போட்டுத் தொலைங்கப்பா," என்றாள் மகள், பொறுக்கமாட்டாமல்.

அவர் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார்.

"இன்னும் வழவழப்பு போகலம்மா."