பங்களாச் சுவரில் கண்டம்

மேனேஜர் பங்களாவின் முன்சுவரில் சிவப்புப் பெயிண்டால் "கண்டம்" என்று ஆபீஸ் ஆட்கள் எழுதினார்கள். அதே டப்பாவோடு பின்பக்கம் வந்து, நாங்கள் குடியிருந்த அவுட்ஹவுஸ் சுவரிலும் எழுதிவிட்டுப் போனார்கள்.

எங்கள் சுரங்க டவுன்ஷிப்பில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தச் சொல் தெரியும். ஓடாத ஜீப், ஓட்டை டேங்க், இடியப்போகிற கட்டடம், எல்லாம் கண்டம். இங்கிலீஷ் 'கண்டெம்ன்'தான் அப்படி ஆகிவிட்டது; இனி உபயோகத்துக்கு ஆகாது என்று ஆபீஸ் கழித்துவிட்டது என்று அர்த்தம். என் மனைவிக்குத் தெரிந்த கண்டம் வேறு. சேத்தியாத்தோப்பில் ஒரு ஜோசியர் என் ஜாதகத்தைப் பார்த்து, இந்த வருஷம் உயிருக்குக் கண்டம் என்று அவளிடம் சொல்லியிருந்தார்.

"ஜோசியக்காரன் வாயால சொன்னான். இவனுங்க செவுத்துலயே எழுதிட்டுப் போறானுங்க" என்றாள்.

"அது வேற கண்டம்."

"கண்டத்துல இன்னா வேற? நீ அந்த வூட்டுக்குள்ள போவாத. அவ்ளோதான்."

நான் காண்ட்ராக்டில் தோட்ட வேலை. பங்களா டவுன்ஷிப் உண்டான காலத்தது. முதலில் வந்த வெள்ளைக்கார இன்ஜினியர்களுக்குக் கட்டியது என்பார்கள். பெரிய போர்டிகோ, உயரமான ஜன்னல்கள், சுற்றிலும் மாவும் முந்திரியும். பல மேனேஜர்கள் இருந்து போனார்கள். ஒருவர் எங்களைப் பின்பக்கம் தங்கச் சொன்னார். பிறகு வந்தவர்கள் போகச் சொல்லவில்லை. கடைசியாக இருந்தவர் ரிட்டயர் ஆன பின் வீடு யாருக்கும் அலாட் ஆகவில்லை.

பங்களாவின் சாப்பாட்டு அறையில் ஒரு ஸ்விட்ச் உண்டு. அழுத்தினால் எங்கள் தலைக்கு மேல் பெல் அடிக்கும். சோற்றில் கை வைத்திருந்தாலும் கழுவிவிட்டு ஓடுவேன். அப்படியே பழகிவிட்டது. பெல் அடித்தால் கால் தானாக எழும்.

பெயிண்ட் அடித்த பிறகு வீட்டைக் கவனிக்க ஆரம்பித்தேன். வெடிப்பில் விரல் நுழைந்தது. நன்றாகச் சாத்தின கதவு சாத்த வரவில்லை. பெருக்கிய தரையில் திரும்பவும் காரைத்தூள் கிடந்தது. போர்டிகோவில் இருந்த புறாக்கள் ஒருநாள் காணவில்லை. திரும்பி வரவும் இல்லை.

ஓவர்சியர் வந்தார். "எப்ப காலி பண்றீங்க?"

"எங்க போறது சார்?"

"காண்ட்ராக்ட்டுக்கு குவார்ட்டர்ஸ் கிடையாதுன்னு தெரியுமில்ல. மழைக்கு முன்னாடி போயிடுங்க. மேல விழுந்தா நான்தான் பதில் சொல்லணும்."

"எப்ப வுழும்னு எழுதலீங்களே?" என்றாள் இவள்.

"அதை ஜோசியக்காரன்கிட்ட போய்க் கேளும்மா." அவர் சிரித்தார். இவள் சிரிக்கவில்லை.

வீடு தேடினேன். கேட்ட வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

ஒரு காலையில் பெல் அடித்தது. எழுந்துவிட்டேன். பிறகுதான் அங்கே யாரும் இல்லை என்று நினைவு வந்தது.

"யாரு கூப்புடுறா?" என்றாள் மனைவி.

"யாருமில்ல. செவுரு ஊறி ஒயரு ஒட்டுது."

சரியாகத்தான் சொன்னேன். ஆனாலும் உட்காராமல் பெல்லையே பார்த்தேன். அதன் பிறகு அடிக்கடி அடித்தது. கொஞ்சமாக அடித்து நிற்கும். ஒவ்வொரு முறையும் நான் எழுந்தேன். ஒவ்வொரு முறையும் அவள் என் காலைப் பார்த்தாள்.

"ஆளே இல்லாத வூடு கூப்புட்டாக்கூட போயிடுவ போல."

மழை விடாத ஒரு மத்தியானம் பெல் நிற்காமல் அடிக்க ஆரம்பித்தது. மெயின் ஸ்விட்ச் பங்களாவின் நடையில் இருந்தது. அதை அணைக்காவிட்டால் ஈரச் சுவரெல்லாம் ஷாக் அடிக்கும். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டேன்.

"மெயினை அணைச்சிட்டு வந்துடறேன்."

அவள் கதவைத் தாழ் போட்டு அதன்மேல் சாய்ந்து நின்றாள்.

"வுடு. வேலை அது."

"என்னத் தள்ளிட்டுப் போ."

தள்ளவில்லை. பெல் அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். சட்டென்று நின்றது. பின்னாலேயே, லாரியில் இருந்து மண் கொட்டுவது போல ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை.

அவளே தாழை எடுத்தாள். நடையின் மேல்தளம் கீழே கிடந்தது. மெயின் போர்டு இருந்த சுவரைக் காணவில்லை. நான் நின்றிருக்க வேண்டிய இடத்தில் மழை பெய்துகொண்டிருந்தது.

"பாத்தியா" என்றாள்.

அந்த வாரமே கிளம்பினோம். டவுன்ஷிப் எல்லைக்கு வெளியே ஒரு கிராமத்தில், ஷீட் போட்ட ஒற்றை அறை. வாடகை எங்களுக்கு அதிகம்தான். இவள் வாசல் தெளித்துப் பொங்கல் வைத்தாள். "கண்டம் தாண்டிடிச்சு" என்று முதல்முறையாகச் சிரித்தாள். மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

எதிர் வயலில் நாலைந்து பேர் டேப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். வரப்பில் கல் நட்டார்கள். ஒருவன் டப்பாவைத் திறந்து கல்லின் தலையில் சிவப்பு அடித்தான்.

"இன்னா பண்றாங்க?"

"மைன்ஸுக்கு நெலம் எடுக்க அளக்குறாங்க."

"கல்லுல இன்னா எழுதுறான்?"

"நம்பர்தான்."

அவள் உள்ளே போய், பாதி பிரித்த மூட்டையைத் திரும்பக் கட்டினாள்.