எட்டு லோடு கிழங்கு

கச்சிராயபாளையத்திலிருந்து மலை ஏறுகிற ரோட்டோரம் இருந்த, ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் பச்சமுத்துவுக்கு உட்கார நாற்காலி கிடையாது. ஆனால் அவன் வாய் திறக்காமல் கல்வராயன் மலையிலிருந்து ஒரு மரவள்ளிக் கிழங்கு கீழே இறங்காது. சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாதவன். மூட்டை தூக்க வந்தவன் இருபது வருஷத்தில் கிழங்கு மேஸ்திரி ஆகிவிட்டான். அவன் கெட்டிக்காரன் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். சொன்ன நாளில் சொன்னபடி லாரியோடு போய் நிற்பான், அவ்வளவுதான். அதைச் செய்ய ஆள் இல்லாத ஊரில் அதுவே பெரிய பதவி.

வெள்ளிமலைக்கு அப்பால் கோம்பையூர் என்று முப்பது வீட்டு ஊர். அங்கே கிழங்கு பிடுங்க ஒரு முறை உண்டு. இன்றைக்கு ஒருவர் கொல்லை என்றால் ஊரே அந்தக் கொல்லையில் இறங்கிப் பிடுங்கும். லாரி போய்த் திரும்பி வந்த பிறகுதான் அடுத்தவர் கொல்லை. யாருக்கு முதல் நாள், யாருக்குக் கடைசி என்பதை ஊர்க்கவுண்டர் சக்கரவர்த்தி சொல்லுவார். மரவள்ளி போட்ட எட்டுக் கொல்லையின் எட்டு லோடு இறங்க எட்டு நாள் ஆகும். மில்லில் எல்லோரும் இதை மலைக்காரர்களின் சோம்பல் என்று கேலி பேசுவார்கள். பச்சமுத்துவும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறான்.

மில் முதலாளி காசிநாதன் அந்த வருஷம் கோயமுத்தூரில் ஐந்து நாள் பயிற்சிக்குப் போனார். கம்பெனி நடத்துகிறவர்களுக்கான பயிற்சி. போகும்போது வேட்டி, வரும்போது பேண்ட். வந்ததும் ஆபீசில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினார். களத்தில் கிழங்கு குவியக் கூடாது, வந்த கிழங்கு அன்றைக்கே அரைபட வேண்டும், யார் எந்த நாள் பிடுங்குவது என்பதை மில்தான் சொல்லும். திட்டம் தப்பில்லை. பிடுங்கிய கிழங்கு மூன்றாம் நாள் உள்ளே கருத்துப்போகும், மாவுச்சத்து குறைந்துவிடும். களத்தில் அழுகியதை வருஷா வருஷம் வண்டி வண்டியாகக் கொட்டியதைப் பார்த்த மனுஷன் அவர்.

"ரிஷிவந்தியம், எலவனாசூர்கோட்டை எல்லாம் சொல்லியாச்சு. மலைதான் இழுக்குது. எட்டு லோடு, ரெண்டே நாள். முடியுமா பச்சமுத்து?"

"அவங்க மொறை வெச்சிருக்காங்க மொதலாளி."

"மொறையா? உன் பேச்ச கேப்பாங்களா, மாட்டாங்களா, அத்த சொல்லு."

அந்தக் கேள்வி பச்சமுத்துவின் தலையில் ஏறிவிட்டது. கேட்பார்கள் என்று சொல்லிவிட்டு மலை ஏறினான்.

சக்கரவர்த்தி விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஒரே நாள்ல எல்லாக் கொல்லையிலயும் கை வெக்கறது எங்க வழக்கமில்ல மேஸ்திரி. எதுனா ஆச்சுன்னா?" என்றார்.

"நான் இருக்கேன் கவுண்டரே. திங்கள், செவ்வாய் பிடுங்குங்க. செவ்வாக்கெழம சாயங்காலம் எட்டு லாரி நிக்கும்."

"நீ சொன்னா சரி."

மார்கழி மாதம் அந்தத் திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு மில்லில் அரவை மெஷினின் தண்டு முறிந்தது. புதுசு சேலத்திலிருந்து வர நாலு நாள். காசிநாதன் பதறவில்லை. பலகையைப் பார்த்துப் பார்த்துப் போன் போட்டார். பிடுங்காதீங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாம். கீழ்நாட்டுக்காரர்கள் மண்வெட்டியைக் கீழே போட்டார்கள். கோம்பையூரில் போன் எடுக்காது.

பச்சமுத்து பஸ்ஸில் போய், பாதியில் இறங்கி, மீதியை ஓட்டமும் நடையுமாக ஏறினான். இரண்டு நாள் வேலை, பாதியாவது மண்ணுக்குள் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனான். பொழுது சாயும் நேரம் ஊர் எல்லையை எட்டினான். எட்டு இடத்தில் கிழங்கு குவிந்து கிடந்தது. கொல்லைகள் மொட்டையாகக் கிடந்தன.

சக்கரவர்த்தியின் மருமகள் வெள்ளச்சி, ஏழு மாத வயிற்றோடு, கையெல்லாம் செம்மண்ணாக ஒரு குவியலருகே உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஒரே நாள்ல முடிச்சிட்டோம் மேஸ்திரி. நாளைக்கு மிச்சம் வெச்சா உனக்குக் கெட்ட பேரு வந்துடும்னு மாமா சொன்னாரு. புள்ளைங்களகூட எறக்கிட்டோம்."

எந்த ஊரில் நடக்கும் இது? வேறெங்கேயாவது என்றால் பாதியைப் பிடுங்கிவிட்டு லாரி வருகிறதா என்று பார்த்திருப்பார்கள். பச்சமுத்து அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதுவிட்டான். விஷயத்தைச் சொல்ல அவனுக்கு அதற்கப்புறம்தான் வாய் வந்தது.

மறுநாள் காலையில் முதலாளி முன்னால் நின்றான். களத்தில் கொட்டிக்கொள்ளுங்கள், சீவிக் காயவைப்போம், பழையபடி செய்வோம் என்று கெஞ்சினான். காசிநாதன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் பச்சமுத்துவுக்குத் திட்டவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

"களத்துல இப்ப குடோன் நிக்குதுடா. எங்க கொட்டுவ? ஒருத்தருக்காகத் திட்டத்த மாத்துனா அப்புறம் எல்லாருக்கும் மாத்தணும்" என்றார். அவர் குரலும் தழுதழுத்தது. ஆனால் மாற்றவில்லை.

சின்னசேலம் பக்கம் மில் மில்லாக அலைந்தான் பச்சமுத்து. எல்லா வாசலிலும் லாரி வரிசை. ஒரு மில்லில் மட்டும் இரண்டு லோடு எடுத்துக்கொண்டார்கள். மீதி ஆறு லோடைச் சீவிப் பாறையில் பரப்பினார்கள் கோம்பையூர்க்காரர்கள். அன்றைக்கே தூறல் பிடித்து மூன்று நாள் விடாமல் அடித்தது. பரப்பியது பூஞ்சை பூத்தது, குவித்தது புளித்து நாறியது. வெள்ளச்சி நாற்றம் தாங்காமல் வாந்தி எடுத்தாள். கடைசியில் ஊரே சேர்ந்து, எந்தக் கைகள் பிடுங்கினவோ அதே கைகளால், ஓடைப் பள்ளத்தில் தள்ளியது.

அப்போதுதான் பச்சமுத்துவுக்கு உறைத்தது. பிடுங்காத கிழங்கு மண்ணுக்குள் மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும். மண்தான் அவர்களுடைய குடோன். வாடகை இல்லாத குடோன். முறை வைத்துப் பிடுங்கினால் எது முறிந்தாலும் ஒரு கொல்லைதான் போகும், ஊர் போகாது. காசிநாதன் கோயமுத்தூர் போய்க் கற்றதை விடப் பெரிய கணக்கு அது. அதைச் சோம்பல் என்று சிரித்தவன், தானே போய்க் கலைத்துவிட்டு வந்திருக்கிறான்.

தை பிறந்ததும் மில்லில் கூட்டம் போட்டார்கள். பயிற்சி தந்தவர் காரில் வந்தார். பலகையில் பெரிதாக எழுதியிருந்தது: வீணான கிழங்கு, சைபர். எல்லோரும் கை தட்டினார்கள். பச்சமுத்து எழுந்தான்.

"மலையில ஆறு லோடு போச்சுங்களே. அது எங்க எழுதியிருக்கு?"

"அது மில்லுக்குள்ள வரலையே" என்றார் வந்தவர், பொறுமையாக. பச்சமுத்து உட்கார்ந்தான். மாலையில் அவனுக்கும் ஒரு சால்வை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்ததும் மனைவி ஜெயம்மாளிடம் கொடுத்து, கண்ணில் படாமல் வைக்கச் சொன்னான்.

அதற்கப்புறம் அவன் மலை ஏறவில்லை. அடுத்த வருஷம் கோம்பையூரில் யாரும் மரவள்ளி நடவில்லை. நடுவதற்குக் கரணைக் குச்சி வாங்கக்கூட வழியில்லை என்று கேள்விப்பட்டான்.

ஒருநாள் மத்தியானம் சக்கரவர்த்தி அவன் வாசலில் வந்து நின்றார். கூடவே மகன் காத்தான், இடுப்பில் குழந்தையோடு வெள்ளச்சி. அடிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தான் பச்சமுத்து. உண்மையில் அது அவனுக்கு ஆறுதலாக இருந்தது.

"குடகுல மொளகு பறிக்கற தோட்டத்துக்கு ஆள் கேட்டு ஒருத்தன் வந்துகினு இருக்கான்" என்றார் சக்கரவர்த்தி. "இவங்க ரெண்டு பேரையும், இன்னும் பத்து வூட்டுக்காரங்களையும் கூப்புடறான். அவன் யாரோ எவனோ. நீ கீழ நாலு எடம் போறவன். போலாமா, வேணாமா? நீ ஒரு வார்த்த சொல்லு."

 ஒரு வருஷமாகப் பச்சமுத்து எந்த வசவுக்குத் தயாராக இருந்தானோ அது வரவேயில்லை.

"எனக்கு இன்னா தெரியும் கவுண்டரே? அந்தாள நான் பாத்ததே இல்ல. என்னப் போயி கேக்காதீங்க."

 சக்கரவர்த்தி மகன் பக்கம் திரும்பினார்.

"மேஸ்திரி வேணாம்னு சொல்லல. கெளம்புங்க."