டிபுக் எண்டொரு பாட்டு

என்ரை மகள் டெத் மெட்டல் பாடுறாள். கேட்டியளே கதையை, மரணமெண்டே பேர் வச்ச சங்கீதம்! பாடுறாள் எண்டும் சொல்லேலாது, அடித்தொண்டையாலை உறுமுறாள். மொன்றியலிலை, லாசால் பக்கம், எங்கடை அப்பார்ட்மென்ட் சுவர் மெல்லிசு. அவள் முதல் தரம் குளியலறைக்குள்ளை நிண்டு பழகினபோது, பக்கத்து வீட்டுக்காரி கதவிலை தட்டி, ஆருக்கும் வருத்தமோ எண்டு கேட்டவள். எனக்கு மானமே போச்சு.

போன மாசியிலை ஒரு புதுப்பாட்டு எழுதினாள். பேர் 'டிபுக்'.

"உதென்னடி கோதாரிப் பேர்?"

"யித்திஷ் சொல்லம்மா, யூதரின்ரை வீட்டுப் பாஷை. மெட்டல்காரர் பாட்டுக்கும் தங்கடை இசைக்குழுவுக்கும் வைக்கிறவை. கூகிளிலை பாருங்கோ" எண்டிட்டுப் போட்டாள்.

கூகிள் எனக்கென்னத்துக்கு? நான் பேகல் எண்ட வளையப் பாண் சுடுற கடையிலை வேலை செய்யிறவள். என்னோடை நிண்டு மாவு உருட்டுற மனுசன் யூதர், என்ரை வயசுக்காரர், வீட்டிலை யித்திஷ் கதைச்சு வளந்தவர். அவரைக் கேட்டன். உருட்டின கை நிண்டிட்டுது. "ஒட்டிக்கொண்டது எண்டு அர்த்தம்" எண்டார். செத்த ஒருத்தருக்குப் போக வழி கிடைக்காட்டி, உயிரோடை இருக்கிற ஆரையாவது ஒட்டிக்கொள்ளுமாம். அவையின்ரை வாயாலை தன்ரை குரலிலை கதைக்குமாம். துரத்திறதெண்டால் பத்து ஆம்பிளையள் கூடிநிண்டு, நீ ஆர், உனக்கு என்ன வேணும் எண்டு கேக்கவேணுமாம்.

மெட்டல்காரர் ஏன் இந்தச் சொல்லைப் பிடிச்சவை எண்டு எனக்கு அப்பத்தான் விளங்கிச்சு. தங்கடை குரலை விட்டிட்டு ஆற்றையோ குரலிலை உறுமிறவைக்கு இதைவிடப் பொருத்தமான பேர் எங்கை கிடைக்கும்? எங்கடை ஊரிலையும் பேய் பிடிச்சால் உதைத்தானே கேக்கிறவை எண்டு சொல்லிச் சிரிச்சன். அவர் சிரிக்கேல்லை.

வீட்டை வந்து மகளைக் கேட்டன். "பாட்டிலை ஆரடி பேய்?"

"மாமா" எண்டாள்.

எனக்குக் கோவம் உச்சந்தலைக்கு ஏறிச்சு. மாமா எண்டால் என்ரை அண்ணை. ஊரிலை சண்டைக் காலத்திலை ஒரு காலமை சைக்கிளிலை சந்தைக்குப் போனவர். ஆமிக்காரர் மறிச்சதைக் கண்டவை இருக்கினம். திரும்பி வந்ததைக் கண்டவை இல்லை. நாங்கள் செத்தவீடு செய்யேல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்யேல்லை, படத்துக்கு மாலை போடேல்லை. செய்தால் நாங்களே அவரைச் சாகடிச்சமாதிரி. இஞ்சை மொன்றியலுக்கு வந்தும், வருசா வருசம் கோயிலிலை அவரின்ரை பேர் நட்சத்திரம் சொல்லி, உயிரோடை இருக்கிறவைக்குச் செய்யிற அருச்சனையைத்தான் செய்விச்சுக்கொண்டிருக்கிறன்.

"இருக்கிற மனுசனைப் பேயாக்கிறியே, விசரி!" எண்டு கத்தினன்.

அவள் கத்தேல்லை. "அம்மா, நான் பிறந்ததிலையிருந்து அவர் உங்களோடை ஒட்டிக்கொண்டிருக்கிறார். டெலிபோன் அடிச்சால் நீங்கள் முழிக்கிற முழியைப் பாத்துத்தான் நான் வளந்தனான். ஒருநாளும் காணாத மனுசனை நினைச்சு எனக்குப் பயம்" எண்டாள்.

ஒரு கிழமை அவளோடை கோவிச்சுக்கொண்டு திரிஞ்சன். ஆனால் உண்மையைச் சொல்லுறன். ஒருக்கா மெட்ரோவிலை அண்ணையின்ரை பின்னந்தலையைக் கண்டு, மஞ்சள் லைனிலை கடைசி ஸ்டேசன் லொங்குய்ய் மட்டும் பின்னாலை போனனான். திரும்பினது ஆரோ ஒரு பெடியன், இருபத்தைஞ்சு வயசிருக்கும். அண்ணை இருந்தால் அறுபது. இதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவளின்ரை நிகழ்ச்சி. மேசையிலை ஒரு டிக்கெட்டும் காதடைக்கிற பஞ்சும் வச்சிட்டுப் போனாள். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் முருங்கையிலை ஏறத்தான் வேணும் எண்டுவினம். நான் பேயைப் பெத்தவள், பஸ்சிலை ஏறினன்.

உள்ளுக்கை முழுக்கக் கறுப்புச் சட்டைக்காரர். பாக்கத்தான் பயங்கரம், 'போன்ஜூர் மதாம்' எண்டு கும்பிடாத குறையாய் வழிவிட்டினம். மகள் பிரெஞ்சிலை உறுமினாள், எனக்கு ஒரு சொல்லும் பிடிபடேல்லை. திடீரெண்டு மேளம் நிண்டது. தமிழிலை கேட்டாள்.

"நீ ஆர்? உனக்கு என்ன வேணும்?"

அது என்ரை பிள்ளையின்ரை குரலில்லை. ஐயோ, எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. அவள் என்னைத்தான் பாத்துக்கொண்டு நிண்டாள். பேந்து மேளம் இடி மாதிரி விழுந்தது. அந்தச் சத்தத்துக்குள்ளை ஆருக்கும் கேக்காது எண்ட துணிவிலை நான் வாயைத் திறந்தன்.

"அண்ணை செத்துப்போனார்!"

எனக்கே கேக்கேல்லை. திரும்பவும் கத்தினன். தொண்டை கிழியுமட்டும் கத்தினன். பக்கத்திலை நிண்ட தாடிக்காரன், மனுசியும் பாடுறா எண்டு நினைச்சுக் கையை உயர்த்தினான். கண்ணாலை ஓடினதை நான் துடைக்கேல்லை.

திங்கட்கிழமை காலமை கோயில் ஐயருக்கு டெலிபோன் எடுத்தன். அண்ணைக்கு அந்தியேட்டி செய்யவேணும், நாள் பாத்துச் சொல்லுங்கோ எண்டன்.

"அட கடவுளே. அவர் எப்ப, பிள்ளை, மோசம் போனவர்? திதி பாக்கவேணும்."

"நேற்று, ஐயா. நேற்றுப் பின்னேரம்."